கடற்புல் ஆய்வுக் கட்டுரை யாரையும் சென்றடையவில்லை: உதவி வேண்டும்

பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகள் பற்றிய என் கட்டுரை வெளியாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒரு கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று கணக்கிடும் ஆல்ட்மெட்ரிக் மதிப்பெண் இன்னும் 1. அதுவும் நானே எக்ஸ் தளத்தில் இட்ட பதிவால் வந்தது. தமிழக அரசு 2022இல் கடற்பசுவுக்கென 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்த கடல் இது. அந்த விலங்கின் உணவே இந்தப் புல்தான். இந்த ஆய்வு அலமாரியில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எக்ஸில் ஒன்பது படங்களுடன் தொடர்பதிவு இட்டேன். லிங்க்ட்இன்னில் ஆங்கிலச் சுருக்கம், ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தளமான ஆர்கிட் கணக்கில் பதிவு, இரண்டும் முடிந்தன. இதழைப் பணம் கட்டித்தான் படிக்க முடியும் என்பதால், ஏற்கப்பட்ட கைப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்தேன். அசைவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு நிமிடத் தமிழ்க் காணொளி மட்டும் பரவியது. மண்டபத்து மீனவர் ஒருவர், வலையில் வேரோடு சிக்கிய புல்லை உள்ளங்கையில் விரித்துப் படமெடுத்து, "இது எந்த வகை?" என்று கேட்டு அனுப்பினார். ஆனால் வாட்ஸ்அப் பகிர்வுகள் ஆல்ட்மெட்ரிக் கணக்கில் வருவதில்லை. காணொளியில் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) இணைப்பைச் சேர்க்காததும் என் தவறு.

தமிழில் பதிவிட்டு, மீனவர்களையும் சக ஆய்வாளர்களையும் கட்டுரைவரை அழைத்துவந்தவர்கள் இங்கே இருந்தால், எந்தத் தளத்தில், எந்த வடிவில் அதைச் செய்தீர்கள்?