'அரிவே' என்றால் கப்பல் வந்து சேர்ந்ததா? 1782 கடற்போர்க் குறிப்பை மொழிபெயர்க்க உதவி தேவை

உப்புவெளி வாசகி:
வணக்கம். 1782 ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரனின் பிரெஞ்சுப் படை திருக்கோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றியது. செப்டம்பர் 3ஆம் திகதி ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களோடு வெளிக்கடலில் மோதியது. இவை பற்றிய ஒரு பிரெஞ்சுக் குறிப்பை ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். கப்பல் நகரத் தொடங்கும் இடமெல்லாம் என் மொழிபெயர்ப்பு நின்றுவிடுகிறது.

பக்கத்துக்குப் பக்கம் 'அரிவே' என்ற வினை வருகிறது. கணினி அதை 'அரைவ்' என்று பெயர்க்கிறது. எதிரி விலகிச் சென்றுகொண்டிருக்கும்போது நடுக்கடலில் எங்கே வந்து சேர்வது? நங்கூரமிட்ட கப்பலுக்கு 'எவித்தே' என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியில் 'தவிர்த்தல்' என்றிருக்கிறது. 'ஷசே' என்றால் துரத்துதல் என்பது தெரியும். ஆனால் நங்கூரத்தின் மேல் நின்றுகொண்டு எதைத் துரத்துவது? தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

சீனன்குடாச் சுக்கான்:
பிள்ளை, அகராதியைச் சற்று மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் காற்றின் திசையை வரையுங்கள். அன்று வீசியது தென்மேற்குக் காற்று, நம் சோழகம். 'அரிவே', 'லெசே அரிவே' இரண்டும் கப்பலின் அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றிலிருந்து விலக்கி, காற்று போகும் பக்கமாகத் திருப்புவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'பேர் அவே' என்று எழுதுங்கள். இதற்கு எதிரானது 'லோஃபே', காற்றை நோக்கித் திரும்புவது. ஆங்கிலத்தின் 'லஃப்' அதே குடும்பத்துச் சொல்தான்.

இதைத் தவறாகப் பெயர்த்தால் போரின் கதையே தலைகீழாகிவிடும். ஹியூஸ் மீண்டும் மீண்டும் காற்றோடு விலகிச் சென்று, பிரெஞ்சுக்காரரைத் துறைமுகத்திலிருந்து காற்று போகும் பக்கமாகத் தூர இழுத்துக்கொண்டு போனார். துரத்திய பிரெஞ்சு வரிசையும் குலைந்து போனது. உங்கள் கணினியின் கணக்கிலோ எல்லோரும் எங்கேயோ 'வந்து சேர்ந்து'கொண்டே இருக்கிறார்கள்!

'எவித்தே' என்பது நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ ஏற்பச் சுழன்று திரும்புவது. 'ஸ்விங்' என்று போடுங்கள். கொட்டியாரக் குடாவில் நிற்கும் எந்தக் கப்பலைப் பார்த்தாலும் விளங்கிவிடும். 'ஷசே' நங்கூரத்தோடு சேர்ந்து வந்தால், நங்கூரம் பிடிமானம் இழந்து கப்பல் நகர்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் 'டிராக்'. நங்கூரம் இல்லாத வாக்கியத்தில் அது துரத்துதலேதான்.

உப்புவெளி வாசகி:
மிக்க நன்றி ஐயா. மூன்று பத்திகள் ஒரே மூச்சில் தெளிந்துவிட்டன. 'அம்பார்தே' என்று இன்னொன்றும் இருக்கிறது. கப்பல் நேரே போய்க்கொண்டிருக்கும் இடத்தில் வருகிறது.

கப்பற்பொறியியல் மாணவன்:
அக்கா, அது 'ஸ்வே', கப்பல் பக்கவாட்டில் நகர்வது. கப்பலின் ஆறு அசைவுகளை இப்படித்தான் படித்தோம்: 'ரூலி' என்றால் ரோல், 'தாங்காஜ்' பிட்ச், 'லசே' யா, 'பிலொன்மான்' ஹீவ், 'கவால்மான்' சேர்ஜ், 'அம்பார்தே' ஸ்வே. இதில் சந்தேகமே வேண்டாம்.

சீனன்குடாச் சுக்கான்:
தம்பி, இன்றைய பாடநூலுக்கு அது சரி. பாய்க்கப்பல் காலத்தில் இந்த ஆறு பெட்டிகளும் இல்லை. அப்போது 'அம்பார்தே' என்றால், அலையாலோ காற்றாலோ சுக்கானாலோ அணியம் திடீரென்று ஒரு பக்கம் விலகி ஓடுவது. ஓடும் கப்பலானால் 'யா', நங்கூரத்தில் நிற்பதானால் 'ஷீர்'. 1782ஆம் ஆண்டு மாலுமியின் வாயில் 'ஸ்வே'யைத் திணிக்காதீர்கள்.

பழம்புத்தகப் பிரியை:
வில்லியம் ஃபால்கனரின் கடல் அகராதி 1769இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் கடைசியில் பிரெஞ்சுக் கடற்சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் கொடுத்திருக்கிறார். உங்கள் போருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்தியது என்பதால், இன்றைய அகராதிகளைவிட இதையே நான் நம்புவேன்.

உப்புவெளி வாசகி:
நல்ல வழி காட்டினீர்கள் அக்கா. கடைசியாக இரண்டு. 'மெத்ர் ஆன் பான்' என்பதைக் கணினி 'பழுதடைந்து நின்றது' என்கிறது. 'விரே' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'டாக்' என்று போட்டுவிடலாமா?

சீனன்குடாச் சுக்கான்:
முதலாவதில் பழுது எதுவும் இல்லை. சில பாய்களை முன்னுக்குத் தள்ளவும் சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளவும் விட்டு, கப்பலை வேண்டுமென்றே ஏறக்குறைய நிற்கவைப்பது. 'ஹீவ் டு' என்று எழுதுங்கள். வண்டி பழுதாவதைக் குறிக்கும் இன்றைய பிரெஞ்சு வழக்கு இதிலிருந்து பின்னால் வந்தது.

'விரே'யில்தான் அவசரம் கூடாது. 'விரே வான் துவான்' என்றிருந்தால் அணியம் காற்றைக் கடந்து திரும்புகிறது, அது 'டாக்'. 'விரே லோஃப் பூர் லோஃப்' என்றிருந்தால் பின்புறம் காற்றைக் கடக்கிறது, அது 'வியர்'. இரண்டாவது பாதுகாப்பானது, ஆனால் கப்பல் காற்று போகும் பக்கமாகத் தள்ளப்பட்டு இடத்தை இழக்கும். பாய்மரம் உடைந்த கப்பலுக்குப் பெரும்பாலும் அதுதான் கதி. சஃப்ரனின் 'எரோ' கப்பல் அந்தப் போரில் நடுப்பாய்மரத்தை இழந்தது. ஆகவே, எந்த விதமாகத் திரும்பியது என்பதிலேயே கப்பலின் நிலைமையும் தெரியும். 'விரே த போர்' என்று மட்டும் இருந்தால் எழுதியவர் வகை சொல்லவில்லை; நீங்களும் ஊகிக்காமல் 'புட் அபௌட்' என்று விட்டுவிடுங்கள்.

கப்பற்பொறியியல் மாணவன்:
ஐயா, 'மான்கே ஆ விரே' என்றால் திரும்பத் தவறியது என்று கொள்ளலாமா?

சீனன்குடாச் சுக்கான்:
ஆம் தம்பி. பாதி திரும்பியதும் வேகம் செத்து, காற்றின் முன்னே அப்படியே நின்றுவிடுவது. ஆங்கிலத்தில் 'மிஸ் ஸ்டேஸ்'. அதற்கடுத்த வரியில் 'க்யூலே' வந்தால் கப்பல் பின்னோக்கி நகர்கிறது, 'ஸ்டேர்ன்வே' என்று பெயர்க்க வேண்டும்.