50 டிகிரியைத் தாண்டாத மக்கு உரக் குவியல், பினாங்கு

வணக்கம். ஆயர் ஈத்தாமில் ஒரு அடுக்குமாடித் தோட்டம். சமூகத் தோட்டப் பயிற்றுநர் சான்றிதழுக்கான தன்னார்வப் பணியில் சூடான மக்குக் குவியல் போட்டுக் காட்ட வேண்டும். களை விதை சாக 55 டிகிரியில் 3 நாளாவது நிற்கணும். 18 நாளாகியும் 50ஐத் தொடவில்லை.

பலகைப் பெட்டி, நீளம் அகலம் உயரம் மூன்றும் 1 மீட்டர். பாசார் காய்கறிக் கழிவும் வெட்டிய புல்லும் 1 பங்கு, காய்ந்த இலை 1 பங்கு. முதல் வாரம் அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது. தேங்காய் நார்த்தூள் 1 பங்கு சேர்த்ததும் நெடி போனது, கூடவே சூடும் போனது. நார்த்தூளில் லிக்னின் (சீக்கிரம் மக்காத மரப்பொருள்) அதிகம், நுண்ணுயிர் சீக்கிரம் தின்னக்கூடிய கரிமம் குறைவு. சந்தேகம் அதன்மேல்தான்.

4 நாளுக்கு ஒருமுறை கிளறியாச்சு. மழைக்குத் தகரக் கூரை உண்டு. பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான், ஈரம் சரி. கோழி எரு 2 கிலோ போட்ட மறுநாள் 48, மூன்றாம் நாள் திரும்ப 40. வெப்பமானியைக் கொதிநீரில் சோதித்தாச்சு, பழுதில்லை (முதலில் அதைத்தான் திட்டினேன்).

செய்முறை விளக்கத்துக்கு இன்னும் 2 வாரம். இதிலேயே எருவைக் கூட்டுவதா, கலைத்துவிட்டு நார்த்தூள் இல்லாமல் புதுப் புல், இலை, கிழித்த அட்டை வைத்து மறுபடி அடுக்குவதா?