தெருக்கோடியில் உள்ள ஆப்பிள் தோட்டத்தை ஊர் வாங்கலாமா?

கேள்வி: மேப்பிள்நிழல்

மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஒரு சிறு நகரத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். குடியுரிமை சென்ற ஆண்டுதான் கிடைத்தது என்பதால், ஊர் வாக்காளர்கள் கூடித் தீர்மானங்களை முடிவுசெய்யும் டவுன் மீட்டிங்கில் இம்முறைதான் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரே குடும்பத்திடம் மூன்று தலைமுறையாக இருந்துவரும் நாற்பது ஏக்கர் சொச்சம் ஆப்பிள் தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்று விலை பேசியிருக்கிறது. அதே விலையை ஊரே கொடுத்து வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்பது அன்று வரவிருக்கும் தீர்மானம்.

தஞ்சைப் பக்கத்தில் வயல்களின் நடுவே மனைப்பிரிவுக் கற்கள் முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் ஆகையால், என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சாய்வை மட்டும் நம்பி வாக்களிக்க விருப்பமில்லை. இருவர் பேசி முடித்த விற்பனைக்குள் ஊர் எப்படி நுழைய முடிகிறது? என் சொத்துவரி எவ்வளவு ஏறும்? வாங்கிய பிறகு அந்த நிலத்தில் யார் பயிர் செய்வார்கள்?

பதில்: கிணற்றடி

வேறொரு நகரத்தின் நிதிக்குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் எழுதுகிறேன். தங்கள் ஊர்த் தோட்டம் அநேகமாக மாநிலச் சட்டத்தின் 61ஏ அத்தியாயத்தின் கீழ் பதிவானதாக இருக்கும். ஐந்து ஏக்கருக்குக் குறையாத விளைநிலத்தை வைத்திருப்பவர், சந்தை விலைக்கு அல்லாமல் விவசாய மதிப்புக்கு மட்டும் வரி கட்டலாம் என்பது அந்த அத்தியாயம் தரும் சலுகை. அதற்குக் கைம்மாறாக, நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விற்க முற்படும்போது, வந்திருக்கும் உண்மையான விலையை ஊருக்குத் தெரிவித்து 120 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் ஊர் அதே விலைக்குத் தானே வாங்கலாம். அல்லது அந்த உரிமையை ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு மாற்றித் தரலாம். ஆகவே ஊர் அழையா விருந்தாளியாக நுழையவில்லை. இத்தனை ஆண்டுகளாக விட்டுக்கொடுத்த வரிக்கு ஈடாக அந்த உரிமை முன்பே அதனிடம் இருக்கிறது. விற்பவருக்கும் ஒரு டாலர்கூடக் குறைவதில்லை.

வரியைப் பொறுத்தவரை, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திறந்தவெளி போன்றவற்றைக் காக்க ஊர்கள் நிதி திரட்ட வழிசெய்யும் 2000-ஆம் ஆண்டின் சட்டத்தை (Community Preservation Act) தங்கள் நகரம் ஏற்றிருந்தால், சொத்துவரியின் மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் ஏற்கெனவே தங்கள் ரசீதில் இருக்கும்: பத்தாயிரம் டாலர் வரி கட்டுபவருக்கு அதிகபட்சம் முந்நூறு டாலர். அந்த நிதிக்குள்ளேயே கொள்முதல் அடங்கினால் புதிதாக எதுவும் ஏறாது. அடங்காமல் பொதுவரியிலிருந்து கடனை அடைக்க நேர்ந்தால், டவுன் மீட்டிங்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன், வரி உச்சவரம்பைக் கடன் தீரும்வரை தளர்த்துவதற்கான தனி வாக்குச்சீட்டும் தேவைப்படலாம். மாநிலம் மானியம் தரும் என்று மேடையில் சொல்வார்கள். நகரங்களுக்கான நில மானியம், ஊர் முழுத்தொகையையும் செலவிட்ட பிறகு ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பதில்: தெற்குவாசல்

நான் எதிர்ப்பக்கம். பாஸ்டனைச் சுற்றி வீட்டு விலை இப்படி ஏறியதற்கு, கட்ட இடமில்லாமல் போனதும் ஒரு காரணம். நகரத்தின் வீடுகளில் பத்து விழுக்காடாவது குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று மாநிலத்தின் 40பி சட்டம் 1969-இலிருந்தே வலியுறுத்தியும், பல ஊர்கள் இன்னும் அந்த அளவைத் தொடவில்லை. இத்தகைய ஊர்களில் திறந்தவெளியின் மேல் திடீரென்று பிறக்கும் அன்பைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பது தவறில்லை. "வீடுகள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிச் செலவு ஏறும், பண்ணை நிலம் வரிக்கு லாபம்" என்பது வழக்கமான கணக்கு. கணக்களவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இங்கே எழுதும் நம்மில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்துக்காகவே இந்த ஊர்களில் வீடு தேடி வந்தவர்கள். நமக்குப் பின்னால் கதவைச் சாத்துவதற்கு அந்த வாதம் பொருந்தாது.

கேள்வி கேட்டவர்: மேப்பிள்நிழல்

தெற்குவாசல் அவர்கள் சொன்னது உறைத்தது. தீர்மானத்தில் முழு நிலத்தையும் ஊரின் பெயரில் கிரயம் செய்வதாகவே இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் காத்து, மறுபகுதியில் வீடு கட்ட வழியுண்டா?

பதில்: வரப்பு

உண்டு. உரிமையை அறக்கட்டளைக்கு மாற்றித் தரும்போது, நிலத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் விவசாயமாகவோ காடாகவோ பொழுதுபோக்கு வெளியாகவோ வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிபந்தனை. ஆகவே சாலையோரத்துச் சில ஏக்கரில் எளிய வீடுகள் வர இடமிருக்கிறது. அவ்வீடுகளை விற்ற பணம் கொள்முதல் விலையைக் குறைக்கவும் செய்யும்.

தங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஊர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் குத்தகைதாரரைத் தேடுவது, களை வெட்டுவது, பழைய களஞ்சியத்தைப் பழுதுபார்ப்பது எல்லாம் ஊரின் தலையில் விழும். மாறாக, மாநிலத்தின் விவசாய நிலப் பாதுகாப்புத் திட்டம் சந்தை விலைக்கும் விவசாய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்து, கட்டும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. பத்திரத்தில் அது நிரந்தர வில்லங்கமாக ஏறிவிடும். அதன்பின் நிலத்தை விவசாய மதிப்புக்கே ஓர் இளம் விவசாயிக்கு விற்கலாம். ஆனால் அப்படி விற்ற தோட்டத்தில் பொதுமக்கள் நடைபயிலும் உரிமை தானாக வந்துவிடாது. ஆதரவாளர்களில் பாதிப் பேர் நடைபாதைக்காகத்தான் கையுயர்த்தப் போகிறார்கள் என்றால், அதை இப்போதே கேட்டுத் தெளிவது நல்லது.

இன்னொன்று, ஆப்பிள் தோட்டம் என்பதால் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூ இங்கிலாந்துத் தோட்டங்களில் ஈய ஆர்சனேட் என்ற பூச்சிமருந்தைத் தாராளமாகத் தெளித்தார்கள். அதன் ஈயமும் ஆர்சனிக்கும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுபவை. மண் பரிசோதனை முடிந்ததா, முடிவு விலையில் கணக்கிடப்பட்டதா என்று டவுன் மீட்டிங்குக்கு முன்பே ஊர் நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டுக்கு எழுதிக் கேளுங்கள். 120 நாட்களில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.