கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை: பழனி வழியாக இறங்கினால் சரியாகுமா?

மதுரையிலிருந்து ஒருவர்:
வணக்கம். சென்ற முறை கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது, டம்டம் பாறையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் முன்சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. பிரேக் பெடல் அடிவரை போயும் கார் நிற்கத் தயங்கியது. கைபிரேக்கைப் போட்டு ஓரங்கட்டி, அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது பிரேக் பழையபடி பிடித்தது. மதுரையில் பட்டறைக்குக் கொண்டுபோனால், பேடுகள் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஏதும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு ஆண்டு ஓடிய பெட்ரோல் கார். கியர் கையால் மாற்றுவது. அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் போகவேண்டியிருக்கிறது. வத்தலக்குண்டு வழியை விட்டுப் பழனி வழியாக இறங்கினால் இந்தத் தொல்லை இராதா?

பெருமாள்மலை ஓட்டுநர்:
ஐயா, இரண்டு சாலைகளும் பெருமாள்மலையில்தான் பிரிகின்றன; எதில் போனாலும் அதே மலையிலிருந்துதான் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். மதுரைக்குத் திரும்புகிறவருக்குப் பழனி வீண் சுற்று. வழி இருக்கட்டும், எந்தக் கியரில் இறங்கினீர்கள்?

மதுரைக்காரர்:
பெரும்பாலும் நான்காவது கியரில்தான் வந்தேன். பெட்ரோல் மிச்சமாகும் என்று சில இடங்களில் நியூட்ரலில் விட்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வத்தலக்குண்டு மெக்கானிக்:
விடை அதிலேயே இருக்கிறது. நியூட்ரலில் விட்டால் காரின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்துகிறது; அந்த உழைப்பெல்லாம் வெப்பமாகிறது. இன்னொன்று, பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. நீங்கள் மிதிக்கும் அழுத்தம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே வீணாவதால் பெடல் அடிவரை போகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் ஆயிலாகிவிடும். அதனால்தான் பட்டறையில் பார்த்தபோது எந்தக் கோளாறும் தெரியவில்லை.

ஆறு ஆண்டில் ஒருமுறையாவது பிரேக் ஆயிலை மாற்றினீர்களா? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மேலே சிறிது ஊற்றி நிரப்பினால் போதாது. பழையதை முழுவதும் வெளியேற்றிவிட்டு, உங்கள் காருக்கான கையேடு சொல்லும் வகையை ஊற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் கணக்கும் தலைகீழானது: இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கியரைப் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் செல்வது நின்றுவிடும், நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கென்று பெட்ரோல் செலவாகும்.

பெருமாள்மலை ஓட்டுநர்:
அவர் சொன்னதைச் செய்துவிட்டுத் துணிந்து வாருங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவது என்பது எங்கள் பக்கத்துப் பழைய கணக்கு. உங்கள் காருக்குப் பெரும்பாலும் இரண்டாவது, சில இடங்களில் மூன்றாவது. பிரேக்கில் எப்போதும் காலை வைத்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். சக்கரம் சுட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். நிறுத்தி ஆறவிடுங்கள், அதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பதைச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தினால் வளைவுகளில் குமட்டல் குறையும்.

மதுரைக்காரர்:
போய்வந்துவிட்டோம். பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வெளியே வந்தது. வத்தலக்குண்டு வழியாகவே, பெரும்பாலும் இரண்டாவது கியரில் இறங்கினேன். பின்னால் வந்த வேன்காரர்தான் ஓயாமல் ஹாரன் அடித்தார், இடம் கிடைத்ததும் அவரை முன்னே விட்டுவிட்டேன். காட்ரோட்டில் நிறுத்திப் பார்த்தபோது தீய்ந்த வாடை இல்லை. பெடலும் ஏறும்போது இருந்த உயரத்திலேயே இருந்தது. இருவருக்கும் நன்றி.