மறு: ‘சிஏ பண்டில்’ பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

இணையதளங்களை நிர்வகிக்கும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகத்தைத் தமிழாக்கும்போது எழுந்த கேள்விக்கு என் பதில் இது. நண்பர் ஒருவர் முன்பு எழுதியது:

> ‘சான்றளிப்பு ஆணையத் தொகுப்பு’ என்றே வைத்துவிடலாமே, மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான், ஐயா. ஆனால் அந்தப் பெட்டியில் எதை ஒட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

சிபேனலில் எஸ்எஸ்எல் (தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி காக்கும் முறை) நிறுவும் பக்கத்தில் மூன்று பெட்டிகள். முதலாவது தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழுக்கு, இரண்டாவது அதற்குரிய சாவிக்கு, மூன்றாவதுதான் ‘சிஏ பண்டில்’. மூன்றாவதில் ஒட்டுவது ஆணையத்தைப் பற்றிய விவரம் எதுவும் அல்ல. நம் தளத்தின் சான்றிதழுக்கும், உலாவி ஏற்கெனவே நம்பி வைத்திருக்கும், சான்றளிப்பவரின் வேர்ச்சான்றுக்கும் நடுவில் நிற்கிற சான்றிதழ்களைத்தான் அங்கே ஒட்டுகிறோம். வேரின் சாவி களவுபோனால் எல்லாமே போய்விடும் என்பதால், சான்றளிப்பவர்கள் அதை இணையத் தொடர்பே இல்லாத இடத்தில் பூட்டி வைக்கிறார்கள். அன்றாடம் ஒப்பமிடுவதற்கென்று, இடையில் ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொள்கிறார்கள். நம் தளத்துக்கு ஒப்பமிட்டது அதுதான்.

பெரும்பாலும் பலகமே இதைத் தேடி நிரப்பிக்கொள்ளும். நிரப்பாத நாளில்தான் சிக்கல். கணினியில் திறந்தால் பூட்டுக்குறி சரியாக இருக்கும். உலாவிகள் பல, விடுபட்டதைத் தாமாகவே தேடியெடுத்துச் சமாளித்துவிடும். அதே தளத்தைக் கைபேசிச் செயலியோ, கட்டளை வரியில் தளங்களை அணுகும் ‘கர்ல்’ கருவியோ தொட்டால், நம்ப முடியாத சான்றிதழ் என்று மறுத்துவிடும். தளம் நடத்துபவர் சான்றிதழே கெட்டுவிட்டதாக எண்ணி, புதிதாக ஒன்று வாங்கி, மறுபடியும் மூன்றாவது பெட்டியைக் காலியாகவே விட்டுவிடுவார். பெட்டியின் மேல் ‘இடைச்சான்றுகள்’ என்று எழுதியிருந்தால், இடையில் ஏதோ இருக்க வேண்டும் என்றாவது தோன்றும். பிழைச்செய்தியையும் ‘இடைச்சான்று விடுபட்டுள்ளது’ என்று இரண்டே சொல்லில் முடிக்கலாம். ‘சான்று’ என்றால் ஆதாரம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிறப்புச் சான்று, வருமானச் சான்று என்று அன்றாடம் புழங்குகிறோம். கூட்டுச்சொல்லில் குழப்பம் வராது.

இனி எல்லாம் தானியங்கி, யார் கையால் ஒட்டப்போகிறார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் சான்றிதழைப் பழக்கிவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச்சில் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று குறைப்பதாகவும் முடிவாகியிருக்கிறது. கையால் ஒட்டுவது குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தானியங்கி தடுக்கி நிற்கும்போது பிழைப்பதிவைப் படிக்கப்போவது ஒரு மனிதர். சொல் அவருக்காக.

சான்றிதழ் கேட்டு அனுப்பும் சிஎஸ்ஆர் (certificate signing request) கோப்புக்கு ‘சான்றிதழ் கையொப்பமிடல் வேண்டுகோள்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. பொத்தானில் அடங்காது. தளத்தின் பெயரையும், இரண்டாவது பெட்டியின் சாவிக்கு இணையான, எவருக்கும் காட்டக்கூடிய பொதுச்சாவியையும் எழுதி, இவை எனக்குரியவை என்று உறுதிசெய்து ஒப்பமிட்டுத் தாருங்கள் எனக் கேட்பதுதான் அந்தக் கோப்பு. நகலில் சான்றொப்பம் வாங்கிய எவருக்கும் இது விளங்கும். ஆகவே ‘சான்றொப்பக் கோரிக்கை’ என்பது என் முன்மொழிவு.

எஸ்எஸ்எல்லை மொழிபெயர்க்க வேண்டாம். உண்மையில் இன்று ஓடுவது அதற்கு மாற்றாக 1999இல் வந்த டிஎல்எஸ்ஸின் பிந்தைய பதிப்புகள்; எஸ்எஸ்எல் 3.0 பதிப்பையே 2015இல் கைவிட்டாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது, அப்படியே எழுதுவோம்.

இரண்டாவது பெட்டியான ‘பிரைவேட் கீ’யைப் பற்றித்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். ‘தனியார் சாவி’ என்று சில இடங்களில் பார்க்கிறேன். தனியார் நிறுவனம், தனியார் பேருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு பொருள் தரும். ‘தனிச்சாவி’யும் தனியாக ஒன்று என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தச் சாவியை மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது, உதவி கேட்கும் இடத்தில் ஒட்டக் கூடாது, சான்றளிப்பவருக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. ‘மறைசாவி’ என்றால் அந்த எச்சரிக்கை பெயரிலேயே இருக்கும். வினைத்தொகை என்பதால் ச் மிகாது. தயவுசெய்து ‘மறைச்சாவி’ என்று திருத்திவிடாதீர்கள்.

ஈழத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கம் சாவிக்குத் ‘திறப்பு’ அல்லவா வழக்கு? பலகத்தில் ‘மறைசாவி’ என்று கண்டால் உறுத்துமா, அல்லது இலங்கைத் தமிழுக்கு ‘மறைதிறப்பு’ என்று தனிக்கோப்பே வைத்துவிடலாமா? உங்கள் பதிலைப் பார்த்தபின் இந்த மூன்று சொற்களையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றலாம் என்றிருக்கிறேன்.