ஈறில் ரத்தம், ஆடிய பல், வெள்ளையணு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இரண்டு வருடமாகப் பல் விளக்கித் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வரும். பிரஷ் கடினமாக இருக்கிறதோ என்று மெதுவானதாக மாற்றினேன். பிறகு ரத்தம் வரும் இடத்தைத் தொடாமலே விளக்கப் பழகிக்கொண்டேன். ரத்தம் குறைந்ததுபோல இருந்தது. கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

கீழ்க் கடைவாய்ப் பல் லேசாக ஆடிய பிறகுதான் ஈறு மருத்துவரிடம் போனேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அவர் எண் சொல்லச் சொல்ல, உதவியாளர் குறித்துக்கொண்டே வந்தார். "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு... ஆறு, ஏழு." மூன்று வரை நல்ல ஈறாம். ஏழு வந்த இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்தால் வேரின் பாதி வரை எலும்பு இல்லை.

"எந்தக் கிருமி டாக்டர் எலும்பை இப்படித் தின்னுது?" என்று கேட்டேன்.

"கிருமி தின்னலைங்க. அதை அடிக்க வந்த உங்க ஆளுங்கதான்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஈறோரத்தில் கிருமிகள் பசைபோல ஒட்டிப் படலமாக உட்கார்ந்திருக்கின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு முதலில் ஓடி வருகிறது. ஒட்டிக்கிடக்கும் படலத்தை அதனால் விழுங்க முடிவதில்லை. தன்னிடம் உள்ள நொதிகளை அங்கேயே கக்கிவிடுகிறது. அதில் ஈறைப் பல்லோடு கட்டியிருக்கும் நார்களும் சேர்ந்து அறுகின்றன. சண்டை முடியாமல் நீண்டால் டி செல், பி செல் என்ற வேறு வெள்ளையணுக்களும் கூடுகின்றன. அவை கொடுக்கும் சமிக்ஞையில் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் விழித்துக்கொள்கிறது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து பழையபடி வராது.

என் தம்பி ஏனோதானோவென்று விளக்குவான், அவனுக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. எனக்கு மட்டும் ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல் மருத்துவ மாணவி

அண்ணா, உங்கள் தம்பி கேள்விக்கு எங்கள் பாடத்திலேயே பதில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமோ சிகிச்சையோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். எல்லார் வாயிலும் அழுக்கு, எல்லார் ஈறிலும் அழற்சி. ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்கு மட்டும் நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. அவரவர் உடம்பு கிருமிக்கு எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதில் அவ்வளவு வித்தியாசம்.

என் அனுபவம் ஒன்று. ஈறை அமுக்கியபோது வந்த துளிச் சீழைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். கிருமிதான் மொய்த்துக்கிடக்கும் என்று எட்டிப் பார்த்தால், கண்ணில் பட்டதெல்லாம் மூன்று நான்கு துண்டாக மடிந்த கருவுள்ள நியூட்ரோஃபில்கள், பாதி உடைந்து சிதைந்தவை. அதுவரை சீழ் என்றால் கிருமி என்றே நினைத்திருந்தேன்.

ஒரு அம்மா

இதற்கு நேர்மாறானது என் மகன் கதை. நான்கு வயதில் அவனுக்கு ஈறு வீங்கும், வாய்ப்புண் வரும், காய்ச்சல் அடிக்கும். நாலைந்து நாளில் மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரியாகிவிடும். "ஒழுங்கா விளக்கி விடுறீங்களா?" என்று போன இடத்திலெல்லாம் என்னைத்தான் கேட்டார்கள். அழுகையாக வரும்.

சமையலறைக் காலண்டரில் காய்ச்சல் வந்த தேதியையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று, இருபது, இருபத்திரண்டு, இருபத்தொன்று. காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் மருத்துவர் மேஜையில் வைத்தேன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. சைக்ளிக் நியூட்ரோபீனியா என்று பெயர். அந்த அணுவை ஊக்குவிக்கும் ஊசி போட ஆரம்பித்த பிறகு ஈறு வெகுவாக அடங்கிவிட்டது. ஆள் அதிகமாக வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து.

அதே மாணவி

அக்கா, இன்னொரு அரிய நோயைக் கேளுங்கள். அதில் நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், ரத்தக் குழாயை விட்டு ஈறுக்குள் இறங்க மட்டும் முடியாது. எல்ஏடி-1 (LAD-1) என்பார்கள். சின்ன வயதிலேயே பற்கள் போய்விடும். காவல் இல்லாததால் கிருமி புகுந்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் விளக்கம் சொன்னார்கள். 2014-இல் கதை மாறியது. திசுவுக்குள் வந்து வேலை முடித்துச் சாகும் நியூட்ரோஃபிலை மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வெள்ளையணு விழுங்கும். விழுங்கியதும் "போதும், ஆள் அனுப்பாதே" என்ற செய்தி போகும். இவர்களுக்கு அந்தச் செய்தி போவதே இல்லை. ஐஎல்-23, ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞைகள் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கின்றன. ஐஎல்-12, ஐஎல்-23 இரண்டையும் தடுக்கும் மருந்தை ஒரு நோயாளிக்குக் கொடுத்ததில் ஈறு அடங்கியது 2017-இல் வெளியானது. எல்லாருடைய ஈறுக்கும் அந்த மருந்து என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்!

புகையை விட்டவன்

எனக்கு ரத்தமே வந்ததில்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்றே நம்பினேன். சிகரெட்டை விட்ட சில வாரத்தில் ரத்தம் வர ஆரம்பித்தது. விட்டதுதான் தப்போ என்று மறுபடி பற்றவைக்க நினைத்தவன் நான். புகை ரத்தக் கசிவை மறைத்துவைக்கும், வெள்ளையணுவின் வேலையையும் கெடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அளந்து பார்த்ததில் எட்டு இடத்தில் ஐந்துக்கு மேல்.

சர்க்கரைக்காரர்

நான் மாத்திரை எழுதிக் கொடுங்கள் போதும் என்றுதான் போனேன். படலம் கவசம் மாதிரி, சுரண்டாமல் ஆன்டிபயாடிக் உள்ளே சரியாக இறங்காது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஸ்கேலிங், வேர் சுத்தம் எல்லாம் முடிந்த பிறகு 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், தினம் இரண்டு வேளை. அந்த அளவு கிருமியைக் கொல்லாதாம், நாரை அறுக்கும் நொதியைக் கட்டிப்போட மட்டும். மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4-லிருந்து 7.9. முழுதும் ஈறால் இறங்கியது என்று சொல்ல மாட்டேன், நடையும் நடந்தேன். ஆய்வுகளில் சராசரியாக 0.4 அளவு இறங்குகிறது என்றார்.

தொடங்கியவன்

எல்லாருக்கும் நன்றி. நான்கு தடவையாக, மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்தார்கள். நேற்று மூன்று மாதப் பரிசோதனை. அதே கம்பி, அதே உதவியாளர். ஏழு நான்காகியிருக்கிறது, ஆறு மூன்று. கடைவாயின் பின்பக்கம் மட்டும் ஐந்திலேயே நிற்கிறது. வீக்கம் வற்றியதில் ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைவாயில் இன்னும் ரத்தம் வருகிறது. இப்போது இடுக்கு பிரஷை முதலில் அங்கேதான் விடுகிறேன். தம்பியையும் ஒருமுறை அளந்து பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன். வரமாட்டேன் என்கிறான்.