இரத்தசோகை ப்ராஜெக்ட்: பிள்ளைகள் விரலில் குத்தலாமா, கூடாதா?

பொருநைக்கரை
வணக்கம். என் மகள் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் தோழியோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்யப்போகிறாள். தலைப்பு, வளரிளம் பெண்களிடம் இரத்தசோகை. வகுப்பில் 30 பேருக்கு ஹீமோகுளோபின் பார்த்து, 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம் என்பது என் யோசனை. தெரிந்த லேப்காரர் ஒருவர் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன் என்கிறார். வழிகாட்டி ஆசிரியைதான் தயங்குகிறார். கையில் மூன்று மாதம் இருக்கிறது. எப்படித் திட்டமிடலாம்?

சோதனைக்குழாய்
தாராளமாகச் செய்யுங்கள் சார். இருபது வருடமாக லேபில் இருக்கிறேன். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். பழைய சாஹ்லி முறையில் காட்டினால் பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது. 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டால் பழுப்பாக மாறும். ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, அளவைப் படிக்க வேண்டும். இரத்தத்தைத் தொடாமல் இரத்தசோகை ஆய்வு என்பது அடுப்பு மூட்டாத சமையல் போட்டி மாதிரி.

சாக்பீஸ் டீச்சர்
அந்த ஆசிரியை தயங்குவது சரிதான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கவும் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

காகிதத்தை விடுங்கள். ஒரு பிள்ளைக்கு 7 கிராம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? 8-க்குக் கீழே போனாலே கடுமையான இரத்தசோகை. முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு முகாம் நடந்தது. எண்களை வரிசையாக, சத்தமாக வாசித்தார்கள். மிகக் குறைவாக வந்த பிள்ளைக்கு அன்றைக்கு வைத்த பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு முடியும்வரை போகவில்லை.

பொருநைக்கரை
மேடம், நல்லது செய்யலாம் என்று வந்தால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்களே. எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். பெயருக்குப் பதில் எண் போட்டுக்கொள்கிறோம். போதாதா?

மூன்றாம் வருடம்
நான் மருத்துவ மாணவி. கையெழுத்துப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும், அண்ணா. இந்த 30 பேரை வைத்து எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40 சதவீதம்தான் என்றது. வயது வரம்பு வேறு, காலமும் வேறு. ஆனால் முன்னது விரல்நுனி இரத்தம், பின்னது நரம்பில் எடுத்த இரத்தம் என்பதும் பெரிய வித்தியாசம். ஆயிரக்கணக்கான பேரைச் சோதித்த இரண்டு ஆய்வுகளுக்கு நடுவிலேயே இவ்வளவு இடைவெளி. உங்கள் 30 பேரில் 12 பேருக்குக் குறைவு என்று வந்தால், அது 40 சதவீதம். சின்ன எண்ணிக்கை என்பதால், உண்மை நிலவரம் ஏறத்தாழ 22-லிருந்து 58 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்காகவா 30 விரல்களைக் குத்துவது?

சோதனைக்குழாய்
விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறும் என்பது எங்களுக்கும் தெரியும், தங்கச்சி. பிதுக்காமல் எடுக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. உங்கள் கணக்குப்படி பார்த்தால் பள்ளிப் பிள்ளைகள் எதையுமே அளக்கக் கூடாது. நாட்டுக்கே புள்ளிவிவரம் கொடுப்பது அவர்கள் வேலையா? அளந்து பழகுவதுதானே வேலை?

மூன்றாம் வருடம்
அளந்து பழகட்டும், யார் வேண்டாம் என்றது? உயரம், எடை, குடிக்கும் தண்ணீர், டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று எதையாவது அளக்கட்டும். அடுத்தவர் இரத்தத்தில் ஏன் பழக வேண்டும்?

சாக்பீஸ் டீச்சர்
பொருநைக்கரை சார், கூண்டில் ஏற்ற நினைக்கவில்லை. உங்கள் மகள் பள்ளியிலும் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்கள். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கொடுத்ததற்குப் பதிவேடு இருக்கும். விழுங்கியதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. எங்கள் பள்ளியில் குடிநீர்க் குழாய்க்குப் பின்னால் வேப்பமரம் ஒன்று நிற்கிறது. மாத்திரை நாளில் மரத்தடியைப் போய்ப் பாருங்கள், நீலநீலமாகக் கிடக்கும். மரத்துக்கு இரத்தசோகை வர வாய்ப்பே இல்லை.

எத்தனை பேர் விழுங்குகிறார்கள், விழுங்காதவர்கள் ஏன் துப்புகிறார்கள்? இதற்கு ஊசி வேண்டாம். கேள்வித்தாள்தானே என்று அலட்சியமும் வேண்டாம். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் இதற்கும் வாங்க வேண்டும்.

எதிர்ப்பாட்டு
டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளை "துப்பினேன்" என்று சொல்லும்? 30-க்கு 30 பேரும் "சாப்பிட்டேன்" என்பார்கள். அதை வைத்து வட்டப்படம் வரைந்து, அட்டையில் ஒட்டி, கலர் பேப்பர் சுற்றிக் கொண்டுபோகலாம். இந்த மாதிரி ப்ராஜெக்ட் எத்தனையோ பார்த்தாயிற்று. பாதியை அப்பாக்கள் செய்வது, மீதியை ஜெராக்ஸ் கடைக்காரர் செய்வது.

சாக்பீஸ் டீச்சர்
அதனால்தான் டீச்சர் கேட்கக் கூடாது. குடவோலை மாதிரி செய்யலாம். வாய் குறுகிய மண்பானை ஒன்று. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு சோளமணி. விழுங்கியவள் புளியங்கொட்டையைப் பானையில் போடட்டும், விழுங்காதவள் சோளத்தை. மிஞ்சியதை மூடிவைத்த இன்னொரு பானையில் போட்டுவிட்டுப் போகட்டும். யார் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பாட்டு
சரி, பானை பிடித்திருக்கிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் கிடைத்தால் அது ஆய்வா? ஏன் என்ற கேள்வி எங்கே போனது?

மூன்றாம் வருடம்
அதற்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் இந்த மாத்திரை போட்டால் குமட்டும். எங்கள் ஊரில் ஒரு பள்ளியில் காலை முதல் பீரியடிலேயே கொடுக்கிறார்கள், இன்னொன்றில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அப்படி இரண்டு பள்ளிகள் கிடைத்தால் இரண்டிலும் பானையை வைத்துப் பார்க்கலாம். நேரத்தை நாமாக மாற்றச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வித்தியாசத்தைப் பார்ப்பது மட்டும்தான்.

எதிர்ப்பாட்டு
இரண்டு பள்ளிக்கும் நேரம் மட்டுமா வேறு? ஒன்றில் கண்டிப்பான பி.டி. மேடம் எதிரிலேயே நின்று வாயைத் திறக்கச் சொல்வார், இன்னொன்றில் லீடர் பெண் டப்பாவை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். எதனால் வந்த வித்தியாசம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

மூன்றாம் வருடம்
முழுக்கச் சொல்ல முடியாது. அதைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும். யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று வாராவாரம் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். மாநாட்டில் கேள்வி கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

சோதனைக்குழாய்
எல்லாம் சரி, அறிவியல் என்று கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லையே! நானும் ஊசியை ஓரமாக வைக்கிறேன், ஒன்று சொல்கிறேன். அந்த நீல மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கரையுங்கள். வடிகட்டிய கரைசலில் கடுந்தேயிலை டிகாஷனை ஊற்றுங்கள். கருகருவென்று மை மாதிரி ஆகும். மைதான் அது, அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலை. அன்னபேதியில் இருப்பதும் இரும்புதான். மாத்திரையோடு டீ குடிக்காதே என்பதற்கு இதைவிட என்ன காட்ட வேண்டும்?

எதிர்ப்பாட்டு
டம்ளர் வேறு, வயிறு வேறு. டம்ளரில் கறுத்தது என்பதாலேயே உடம்பில் ஏறவில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாம் வருடம்
டீ இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த விஷயம், அண்ணா. டம்ளர் அதற்கு ஆதாரம் ஆகாது, விளக்கப் படமாக வைத்துக்கொள்ளலாம். "இது நிரூபணம் இல்லை" என்று அட்டையிலேயே எழுதி வைத்தால் நடுவர் வாயடைத்துப் போவார்.

சாக்பீஸ் டீச்சர்
இன்னொன்று. கேள்விகளைக் கேட்கும்போது எந்தப் பிள்ளையாவது "எனக்கு மாதவிலக்கு நாளில் நிற்கவே முடியாது, படியேறினால் மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் அழைத்துப்போவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். சிறார் நலத் திட்டத்தில் (ஆர்பிஎஸ்கே) பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் சொல்லி வையுங்கள். இரத்தம் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை.

பொருநைக்கரை
எல்லோருக்கும் நன்றி. எதிர்ப்பாட்டு சார், அப்பாக்கள் செய்கிறார்கள் என்றீர்களே, குத்தியது. நேற்று ராத்திரி மகளிடம் இதையெல்லாம் படிக்கக் கொடுத்தேன். 30 பேர் இரத்தக் கதையை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லையாம், நான் சொன்னேன் என்று சும்மா இருந்தாளாம். பானையைப் பிடித்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து ஒரு பானையை எடுத்து வந்து, புளியங்கொட்டையைப் போட்டாள், சோளத்தைப் போட்டாள், மறுபடி போட்டாள். "அப்பா, சத்தம் வேற வேறயா கேக்குது. வரிசையில பின்னால நிக்கிறவளுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறாள். எல்லாமே புளியங்கொட்டையாக இருக்கட்டும், பாதிக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சோதனைக்குழாய்
சுண்ணாம்பு உதிர்ந்து கையில் ஒட்டும். நெயில் பாலிஷ் வைக்கச் சொல்லுங்கள்.